இருநூற்றுப் பதினொன்றாம் கட்டத்துக்குப் பிறகு

மார்ச் 3

அன்புள்ள அக்கா,

வாசலிலேயே கைபேசியை வாங்கிப் பூட்டிவைக்கும் விடுதியில் இருப்பவருக்குக் கடிதம்தான் எழுத முடியும். எனக்கு இது நல்லதாகப் போயிற்று. போனில் நீங்கள் எது சொன்னாலும் "சரிக்கா" என்று சொல்லிவிடுவேன். வைத்த பிறகுதான் நான் சொல்ல வந்தது நினைவுக்கு வரும்.

உங்கள் செல்லோ கான்செர்ட்டோவில் முதல் இரண்டு பகுதிகளுக்கும் பிரதி எடுத்து முடித்துவிட்டேன். ஸ்கோரில் ஒன்றின்கீழ் ஒன்றாக இருக்கும் பத்து வரிகளையும் பிரித்து, வாசிப்பவர் ஒவ்வொருவருக்கும் அவரவர் பங்கை மட்டும் தனிப் பார்ட்டாக எழுதித் தைத்து அடுக்கிவைத்திருக்கிறேன். அம்மா அந்த அடுக்கைப் பார்த்துவிட்டு, "பத்து பேரும் ஒரே பாட்டுதானே வாசிக்கிறாங்க, எதுக்கு பத்து விதமா எழுதற?" என்றாள். விளக்கினேன். "அப்போ ஒருத்தர் வாசிக்கிறது இன்னொருத்தருக்குத் தெரியாதா? எங்க கம்பெனி மாதிரியே இருக்கே" என்றாள். உங்களுக்குத்தான் தெரியுமே, அட்டைப்பெட்டிக் கம்பெனியில் இருபது வருடமாக மடிப்பு போடுகிறாள்.

மூன்றாம் பகுதியில்தான் சிக்கல். 160ஆம் தாளக் கட்டத்திலிருந்து 290 வரை செல்லோவுக்கு ஓய்வே இல்லை. எவ்வளவு நெருக்கி எழுதினாலும் நான்கு பக்கம் வருகிறது. இரண்டு கையும் வேலையாக இருக்கும் மனிதர் பக்கத்தை எதனால் திருப்புவார்? செல்லோக்காரரிடமே போய்க் கேட்டேன். திரையில் பார்த்து வாசிக்கலாமே என்றதற்கு, "ஒரு தடவ நடுக் கச்சேரியில கருப்பாயிடுச்சும்மா. அன்னிலேர்ந்து நானும் அதுவும் பேசிக்கறதில்ல" என்றார். பக்கம் திருப்ப ஒருவரை உட்கார வைக்கலாமா என்றேன். "பக்கத்துல ஆள் இருந்தா மூச்சு விடற சத்தம் கேக்கும். எனக்கு என் மூச்சே ஆகாது" என்றார்.

211ஆம் கட்டத்தில் செல்லோ அந்த உச்ச ஸ்வரத்தில் நிற்கிறதே, அதை ஒட்டி எங்காவது ஒரு சின்ன ஓய்வு கொடுக்க முடியுமா? நீங்கள்தான் சொல்ல வேண்டும். நானாக ஒரு புள்ளியும் வைக்கமாட்டேன்.

இப்படிக்கு,
எறும்பு

மார்ச் 16

எறும்பே,

உன் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன். கல்லூரி கான்டீனில் எந்த வரிசையில் நிற்பது என்று கேட்கக் கூச்சப்பட்டு, எறும்புபோலச் சுவரோரமாகவே நடந்து பட்டினியோடு திரும்பிப் போனவள் இன்று செல்லோக்காரர் வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறாள்! பரவாயில்லை, தேறிவிட்டாய்.

ஆனால் தயவுசெய்து இந்தத் தாள் விவகாரத்தையெல்லாம் என்னிடம் கொண்டுவராதே. மூன்று வருடமாகத் தலைக்குள் சுமந்ததைக் கடைசி வடிவத்துக்குக் கொண்டுவர ஒரு மலைமேல் வந்து உட்கார்ந்திருக்கிறேன். கிளாரினெட்டுக்கு முடிவில் சில மாற்றங்கள், இத்துடன் இருக்கின்றன. பக்கம் எங்கே திரும்புகிறது என்பது உன் வேலை. உன்னைத் தேர்ந்தெடுத்ததே அதற்குத்தான். பார்த்துச் செய்.

அக்கா

ஏப்ரல் 4

அன்புள்ள அக்கா,

பார்த்துச் செய்யச் சொன்னீர்கள். செய்ததைச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் எழுத்தைச் சிறிதாக்கிப் பார்த்தேன். செல்லோக்காரர் தாளைக் கை நீட்டித் தூரமாகப் பிடித்து, "இதுல நீ எழுதியிருக்கியா, இல்ல எறும்பு ஊறுதா?" என்றார். நான்கு தாள்களைப் பக்கவாட்டில் ஒட்டினேன். நடுவில் தொய்ந்து அவர் முழங்காலில் விழுந்தது. வேறு வழி தெரியாமல் 211ஆம் கட்டத்துக்குப் பிறகு ஒரு வெற்றுக் கட்டம் சேர்த்திருக்கிறேன். அதன்மேல் நிறுத்தக் குறி, வளைவும் அதன்கீழ்ப் புள்ளியுமாக அந்தப் புருவமும் கண்ணும். பத்துப் பேரும் அங்கே நிற்பார்கள். அவர் வில்லை எடுப்பார், பக்கத்தைத் திருப்புவார், அடுத்த பக்கத்தின் அடிமட்ட ஸ்வரத்தில் இறங்குவார்.

உங்கள் ஸ்கோரிலும் அதே இடத்தில் பென்சிலால் குறித்திருக்கிறேன். பேனாவைத் தொடவில்லை. அந்தப் பக்கத்தின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். வேண்டாம் என்றால் இருபதாம் தேதிக்குள் ஒரு வரி போதும், பத்து பார்ட்டையும் மாற்றி எழுதிவிடுவேன்.

கச்சேரி மே 14 என்று சுவரில் பெரிதாக எழுதிவைத்திருக்கிறேன். அப்பா தினமும் அதைப் பார்த்து, "இன்னும் வரலியா அந்தப் பரீட்சை?" என்கிறார்.

எறும்பு

மே 12

பிரதி எடுப்பவருக்கு,

இன்று ஒத்திகையில் நடந்ததை நீயும் தெரிந்துகொள்ள வேண்டும். மூன்றாம் பகுதியில் செல்லோக்காரர் திடீரென்று நின்றார். மற்ற ஒன்பது பேரும் நின்றார்கள். வழி மறந்துவிட்டார் என்று நினைத்து நான் ஸ்வரத்தைப் பாடிக்காட்டினேன். அவர் பக்கத்தைத் திருப்பிக்கொண்டே, "என் தாள்ல நில்லுன்னு எழுதியிருக்கும்மா. உங்க இசைதானே, உங்களுக்குத் தெரியாதா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். என் இசையில் என்ன இருக்கிறதென்று எனக்கே தெரியாமல் இருபது கண்களுக்கு முன் நின்றேன்.

கடிதத்தில் சொன்னேன் என்பாய். ஆமாம், சொன்னாய். விடுதிக்கு வந்த எந்தக் கடிதத்தையும் ஏப்ரல் முழுவதும் நான் பிரிக்கவில்லை. ஆனால் பதில் வரவில்லையென்றால் காத்திருக்க வேண்டும். ஒரு கட்டத்தைச் சேர்ப்பது ஸ்வரம் சேர்ப்பதைவிடப் பெரிய குற்றம். நான் எழுதியது ஒரு புள்ளி கூடாமலும் ஒரு புள்ளி குறையாமலும் எனக்கு வேண்டும். அதுதான் உன் வேலை. அது மட்டும்தான்.

பத்து பார்ட்டையும் மாற்ற இரண்டு நாள் போதாது. இந்த ஒருமுறை அது அப்படியே போகட்டும். ஸ்கோரில் நீ போட்ட பென்சில் குறியை நானே ரப்பரால் அழித்துவிட்டேன். ஸ்கோரை நூலகத்து மேசையில் உன் பெயருக்கு விட்டிருக்கிறேன். கச்சேரி முடிந்ததும் எல்லாவற்றையும் திருத்து. அதுவரை என் கண்ணில் படாதே.

மே 23

அக்கா,

கண்ணில் படவில்லை. கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால், அம்மாவோடு உட்கார்ந்திருந்தேன்.

ஒத்திகையில் நீங்கள் இன்னொன்றும் சொன்னீர்களாம். உங்கள் கடிதத்தில் அது இல்லை. "பெட்டி மடிக்கற வீட்டுப் பொண்ணுகிட்ட குடுத்தா பெட்டி மாதிரிதான் மடிச்சு வெப்பா." கிளாரினெட்காரர் எனக்கு ஆறுதல் சொல்வதற்காக அதை என்னிடம் சொன்னார். ஆறுதல் சொல்பவர்களுக்கு எதை விட்டுவிட வேண்டும் என்று தெரிவதில்லை.

படிக்கும்போது நீங்கள்தான் எனக்கு மேசையில் இடம் போட்டுக் கொடுத்தீர்கள். உங்கள் அப்பா ஆஸ்பத்திரியில் இருந்த அந்த வாரம் நீங்கள் விமானம் கிடைக்காமல் வெளியூரில் மாட்டிக்கொண்டபோது, வராந்தாவில் நான்தான் நின்றேன். அந்த இரண்டையும் நான் ஒன்றுக்கொன்று ஈடாக வைத்ததில்லை. எங்கள் வீட்டில் முதலில் கல்லூரிப் படியேறியவள் நான். அம்மா மடித்த பெட்டிகள்தான் அந்தப் படிகள். அதை நீங்கள் அறிவீர்கள் என்பதால்தான் அந்த வார்த்தை உங்கள் வாயில் வந்தது.

கச்சேரியைப் பற்றி ஒன்றே ஒன்று. செல்லோக்காரர் நின்றபோது அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடியை விட வெகுநேரம் ஆனது. வெளியே வந்த பிறகு, "அந்த இடத்துல ஏதோ ஆயிடுச்சுன்னு நெனச்சேன். யாரோ போயிட்ட மாதிரி" என்றாள். அது பக்கம் திருப்ப நான் போட்ட இடம் என்று நான் அவளிடம் சொல்லவில்லை.

இப்படிக்கு,
பிரதி எடுப்பவள்

ஜூலை 6

என் எறும்பே,

கோபமாக இருக்கிறாய். இருக்க வேண்டியதுதான். ஒத்திகை அறையில் பதற்றத்தில் வாய்க்கு வந்ததைப் பேசியிருப்பேன், அதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்ளாதே. அந்தக் கிளாரினெட்காரர் ஒரு சரியான பத்திரிகை.

நல்ல செய்தி. நவம்பரில் கான்செர்ட்டோவைப் பெரிய அரங்கில் மறுபடி வாசிக்கிறார்கள். ஒரு பதிப்பகம் ஸ்கோரை அச்சிடக் கேட்டிருக்கிறது. வாசிக்கப்போவது வேறு செல்லோக்காரி, இருபத்தாறு வயது, பயமே தெரியாதவள். மூன்று விமர்சனங்களிலும் மூன்றாம் பகுதியின் அந்த மௌனத்தைப் பற்றித்தான் எழுதியிருக்கிறார்கள். வானொலிப் பேட்டியிலும் பாதி நேரம் அதையே கேட்டார்கள்.

ஆகவே எல்லாவற்றையும் புதிதாக எழுத வேண்டும். வேறு யாரிடமும் கொடுக்க மனமில்லை. ஸ்கோர் உன்னிடம்தான் இருக்கிறது. உன் கை வேண்டும். செய்வாயா?

அக்கா

ஜூலை 20

அக்கா,

அந்தப் பேட்டியை நானும் கேட்டேன். அப்பா வானொலியைத் தூக்கி ஜன்னலோரம் வைத்து, சத்தம் சரியில்லை என்று திருகிக்கொண்டே இருந்தார். அந்த மௌனத்தை மூன்று வருடமாகச் சுமந்ததாகச் சொன்னீர்கள். உங்கள் அப்பா போன அன்று டாக்டர் கதவைத் திறந்து வெளியே வந்து, ஒன்றும் சொல்லாமல் நின்ற அந்த நேரம்தான் அது என்றீர்கள். டாக்டரின் முகமூடி ஒரு காதில் மட்டும் தொங்கியதைக்கூடச் சொன்னீர்கள்.

அந்த முகமூடியைப் பார்த்தது நான். நீங்கள் வந்து இறங்கியபோது அதை உங்களிடம் சொன்னது நான்.

அம்மா என்னைப் பார்த்தாள். "நீதானேடி அன்னிக்கு அங்க இருந்த?" என்றாள். அப்பா வானொலியை அணைத்துவிட்டார்.

வேலையைச் செய்கிறேன். எனக்கு ஒன்று மட்டும் வேண்டும். அச்சாகும் ஸ்கோரின் முதல் பக்கத்துக்குப் பின்னால், எவ்வளவு சின்ன எழுத்தில் வேண்டுமானாலும், ஒரு வரி. 211ஆம் கட்டத்துக்குப் பிறகு வரும் நிறுத்தம் பிரதி எடுத்தவர் சேர்த்தது என்று, என் பெயரோடு. எங்கள் வீட்டில் யாருடைய பெயரும் இதுவரை அச்சில் வந்ததில்லை. ஆனால் நான் கேட்பது அதற்காக இல்லை. அது நடந்தது என்பதற்காக.

பிரதி எடுப்பவள்

ஆகஸ்ட் 8

உன் கடிதத்துக்கு இரண்டு முறை பதில் எழுதிக் கிழித்தேன்.

நான் பொய் சொல்லவில்லை. ஒத்திகையில் அந்த நிறுத்தம் என்னை அவமானப்படுத்தியது, உண்மை. ஆனால் கச்சேரியன்று அவர் நின்றபோது எனக்கு அந்த வராந்தாதான் தெரிந்தது. நீ சொன்ன வராந்தாதான், சரி. பெற்ற அப்பாவின் கடைசி நேரத்தை இன்னொருத்தி சொல்லித் தெரிந்துகொண்டவளுக்கு அது எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியுமா? அது அங்கே இருந்திருக்க வேண்டும் என்று அப்போதுதான் புரிந்தது. நீ ஒரு வெற்றுக் கட்டம் போட்டாய். அது மௌனம் என்று கேட்ட காது என்னுடையது. தாள் திருப்ப இடம் விட்டவளெல்லாம் இசை எழுதியவளாகிவிட முடியாது. நாற்காலியில் தச்சனின் பெயரை யாராவது எழுதுகிறார்களா?

அந்த வரி வராது. வந்தால் நான் வானொலியில் சொன்னது என்னவாகும் என்று நீயே யோசி.

செய்வதென்றால் செப்டம்பர் 30க்குள் பத்து பார்ட்டும் வர வேண்டும். ஸ்கோரில் உள்ளபடி சுத்தமாக எழுதி அனுப்பு. இல்லையென்றால் ஸ்கோரைத் திருப்பி அனுப்பிவிடு.

செப்டம்பர் 27

அக்கா,

பத்து பார்ட்டும் இந்தப் பெட்டியில் இருக்கின்றன. பெட்டி அம்மா செய்தது. நனையாது.

இந்த முறை செல்லோ பார்ட்டில் பக்கம் திருப்பும் பிரச்சினையே இல்லை. நான் தாளை ஒட்டித் தோற்றுப்போனதை அம்மாவிடம் சொன்னேன். தொய்ந்து விழுந்த அந்தப் பழைய தாளைக் கையில் வாங்கிப் பார்த்து, "ஒட்டினா தொங்கத்தான் செய்யும். ஒரே தாள்ல கோடு கீறி மடிக்கணும். இதுக்குப் போயி பத்து பேரையும் நிறுத்தினியா?" என்றாள். ஒரு நீளத் தாளில் மொட்டைக் கத்தியால் கீறி, தாளின் இழை ஓடும் வாட்டம் பார்த்து மடித்தாள். விரித்தால் நான்கு பக்கமும் பலகைபோல நிற்கின்றன. ஓய்வில்லாத அந்த இடம் முழுவதையும் அந்தப் பெண் கை எடுக்காமல் வாசிக்கலாம். பெட்டி மாதிரிதான் மடித்திருக்கிறோம்.

ஸ்கோரில் உள்ளபடி எழுதச் சொன்னீர்கள். ஸ்கோரில் 211க்கு அடுத்தது 212தான். நடுவில் எதுவும் இல்லை. பென்சில் இருந்த இடத்தில் ரப்பர் தேய்த்துத் தாள் கொஞ்சம் மெலிந்திருக்கிறது, வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும். ஆகவே பத்து பார்ட்டிலும் அந்தக் கட்டம் இல்லை. ஒரு புள்ளி கூடவில்லை, ஒரு புள்ளி குறையவில்லை. ஒவ்வொன்றையும் மூன்று முறை சரிபார்த்தேன்.

வேண்டுமென்றால் நீங்கள் உங்கள் கையாலேயே எழுதிக்கொள்ளலாம். பத்து இடம்தான்.

அதை விட்டுவிட்டு 211ஐயும் 212ஐயும் சேர்த்து எழுதியபோது எனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று எதிர்பார்த்தேன். இல்லை. இதுவரை நான் செய்ததில் நன்றாக அமைந்தது அது ஒன்றுதான்.

பிரதி எடுத்தவள்

நவம்பர் 4

எறும்பு,

நீ செய்ததைப் பற்றி எழுத எனக்கு நேரம் இல்லை. கச்சேரிக்குப் பதினைந்து நாள் இருக்கிறது. பத்து பார்ட்டிலும் என் கையால் அந்தக் கட்டத்தைச் சொருகிவிட்டேன். அது அசிங்கமாக இருக்கிறது. நிறுத்தக் குறிகூட எனக்குக் கோணலாக வருகிறது.

நான் கேட்பது வேறு. அது எவ்வளவு நேரம்?

ஒத்திகையில் அந்தப் பெண் கேட்டாள். "எத்தனை நொடி மேடம்?" ஐந்து என்றேன். தவறி நின்றதுபோல இருந்தது. பத்து என்றேன். புல்லாங்குழல்காரர் இருமினார், ஒருவர் கடிகாரம் பார்த்தார். ஏழு, எட்டு, எல்லாம் செய்து பார்த்தாயிற்று. அவள் கண்ணை மூடிக்கொண்டு வில்லைக் காற்றில் பிடித்து எண்ணுகிறாள். எண்ணுவது கேட்கிறது. முன்பு வாசித்தவருக்குப் போன் செய்தேன். "எனக்கென்னம்மா தெரியும், நான் பக்கத்தையில்ல திருப்பிக்கிட்டிருந்தேன்" என்கிறார். அன்றைய கச்சேரியை யாரும் பதிவு செய்யவில்லை.

நீ அங்கே இருந்தாய். உனக்குத் தெரியும். சொல். அந்த ஒரு வரியைப் பற்றி வேண்டுமானால் மறுபடி பேசலாம்.

அக்கா

நவம்பர் 10

அக்கா,

அந்த வரி இனி வேண்டாம். இப்போது போட்டால் அது நான் சொல்லும் பதிலுக்கு நீங்கள் கொடுத்த விலையாகிவிடும்.

கேட்டதைச் சொல்கிறேன். நொடிக் கணக்கு எனக்கும் தெரியாது. நான் போட்டது ஒரு பக்கம் திரும்பும் நேரம், அவ்வளவுதான். ஆனால் அன்று அது அதைவிட நீண்டது. காரணம் என் தவறு. ஒத்திகையில் தையல் விட்ட பார்ட்டை நான் பசை வைத்து ஒட்டிக் கொடுத்திருந்தேன்; அந்த மூலையில் அது கொஞ்சம் வெளியே வந்து இரண்டு தாள்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. தூணுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தேன். செல்லோக்காரர் முதலில் விரலால் தள்ளினார். வரவில்லை. கட்டைவிரலை நாக்கில் தொட்டுக்கொண்டார். அதுவும் வரவில்லை. பிறகு குனிந்து அந்த மூலையில் மெல்ல ஊதினார். தன் மூச்சே தனக்கு ஆகாது என்றவர். முதல் வயலின்காரர் வில்லைத் தூக்கியபடியே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்பது பேரும் அந்தத் தாளையே பார்த்தார்கள். யாருக்கும் அடுத்து என்ன ஆகும் என்று தெரியவில்லை. அதுதான் விமர்சகர்கள் காதில் விழுந்தது. என் அம்மா என் மணிக்கட்டைப் பிடித்ததும் அதற்குத்தான்.

அந்தப் பெண்ணை எண்ண வேண்டாம் என்று சொல்லுங்கள். எண்ணினால் வராது. அவள் கையில் திருப்புவதற்கு ஒரு பக்கத்தைக் கொடுங்கள்.

ஆனால் நான் அனுப்பியதில் திருப்புவதற்குப் பக்கமே இல்லை. எல்லாம் ஒரே தாள். அம்மா நன்றாக மடித்துவிட்டாள்.